மொத்த மதிப்பெண்ணை வைத்து குரூப் ஒதுக்காதீர்கள்

அரசு மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கைக் குழுவினருக்கும்,

வணக்கம்.

நான் வணிகவியல் பாடத்துக்கு முதுகலை ஆசிரியை. ஜூன் மாதம் பதினொன்றாம் வகுப்புக்குள் நுழைந்ததும் பிள்ளைகளிடம் அவர்களுடைய பாடப்பிரிவைப் பற்றி நான் முதலில் கேட்பது, "இந்த குரூப்பை ஏன் எடுத்தீர்கள்?" என்பதைத்தான். விரும்பி எடுத்தேன் என்று கை தூக்குகிறவர்கள் நாலைந்து பேர் இருப்பார்கள். மற்றவர்களிடமிருந்து ஒரே பதில்தான் வரும்: "போட்டுவிட்டார்கள், மிஸ்." அவ்வளவுதான். அதற்குமேல் சொல்ல அவர்களுக்கு எதுவும் இல்லை. வாழ்க்கை முழுக்க என்ன வேலை செய்யப்போகிறோம் என்பதில் பாதியைத் தீர்மானித்துவிட்ட ஒரு முடிவைப் பற்றி, பதினைந்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லத் தெரிந்தது இந்த இரண்டே சொற்கள்தான்.

பிள்ளைகள் தொழிலை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று பேசும்போது நாம் எல்லோரும் ப்ளஸ் டூ முடித்தவர்களைப் பற்றியே பேசுகிறோம். மே மாதம் வந்தால் நாளிதழ்கள் வழிகாட்டிப் பக்கங்கள் போடுகின்றன. அரசும் 2022-இல் 'நான் முதல்வன்' திட்டத்தைத் தொடங்கியது. அதன் கீழ் 'கல்லூரிக் கனவு' என்ற உயர்கல்வி வழிகாட்டி நிகழ்ச்சிகள் மாவட்டந்தோறும் நடக்கின்றன. நல்ல முயற்சி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அரங்கில் என் மாணவர்களும்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். மேடையில் பொறியியல் படிப்புகளைப் பற்றி ஒருவர் அரை மணி நேரம் விளக்குவார். கணிதமும் இயற்பியலும் வேதியியலும் எடுக்காதவருக்குப் பெரும்பாலும் பி.இ. கிடையாது. அடுத்தவர் மருத்துவம், செவிலியர் படிப்புகளைப் பற்றிப் பேசுவார். உயிரியல் இல்லாதவருக்குப் பெரும்பாலும் அதுவும் கிடையாது. எந்தக் கதவு திறந்திருக்கிறது, எது மூடிவிட்டது என்பது இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கையின்போது, உங்கள் அறையில், உங்கள் மேசையில் முடிந்துபோன விஷயம். அதனால்தான் அமைச்சருக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

அந்த மேசையை நான் பக்கத்திலிருந்து பார்த்தவள். பத்தாம் வகுப்பு முடிவு மே மாத நடுவில் வரும். அடுத்த சில நாட்களில் மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார் நகல், மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அப்பா வருவார், அல்லது அம்மா வருவார். மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு தாள் இருக்கும். நானூறுக்கு மேல் என்றால் உயிரியல்-கணிதம். அதற்குக் கீழே கணினி அறிவியல். இன்னும் கீழே இறங்கினால் வணிகவியல். எதிலும் அடங்காதவர்களுக்குத் தொழிற்கல்வி. பள்ளிக்குப் பள்ளி எண்கள் மாறும், வரிசை மாறாது. "எது சார் நல்லது?" என்று அப்பா கேட்பார். "இந்த மார்க்குக்கு இதுதான் கிடைக்கும்" என்று பதில் வரும். அவர் கேட்ட கேள்வி வேறு, கிடைத்த பதில் வேறு. ஆனாலும் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுவார். பின்னால் வரிசை நீண்டிருக்கும்.

இரண்டு மதிப்பெண் பட்டியல்களை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். இப்படிப்பட்டவை ஒவ்வோர் ஆண்டும் உங்கள் கைக்கு வருகின்றன. ஒரு பையன்: தமிழ் 62, ஆங்கிலம் 41, கணிதம் 94, அறிவியல் 78, சமூக அறிவியல் 60. கூட்டினால் 335. இன்னொரு பெண்: தமிழ் 88, ஆங்கிலம் 82, கணிதம் 57, அறிவியல் 76, சமூக அறிவியல் 95. கூட்டினால் 398. உங்கள் தாளில் கணித குரூப்புக்கு 375 என்று எழுதியிருந்தால், கணிதத்தில் 94 வாங்கியவனுக்குக் கணிதம் இல்லை. 57 வாங்கியவளுக்கு உண்டு. அவன் என் வகுப்புக்கு வருவான். சமூக அறிவியலில் 95 வாங்கியவள், சட்டமோ வரலாறோ பொருளியலோ படித்தால் பறக்கக்கூடியவள், இரண்டு ஆண்டுகள் வகைநுண்கணிதத்தோடு மல்லுக்கட்டுவாள். கணிதத்தில் கெட்டிக்காரனை ஆங்கில மதிப்பெண் தடுக்கிறது என்றால், நாம் அளந்தது எதை?

அந்தப் பையன் என் வகுப்பில் நன்றாகத்தான் படிப்பான், அதிலும் குறையில்லை. கணக்குப் பேரேட்டிலிருந்து இருப்பாய்வு (டிரையல் பேலன்ஸ்) தயாரிக்கச் சொன்னால், மற்றவர்கள் கோடு போட்டு முடிப்பதற்குள் பற்றும் வரவும் சமமாகக் கூட்டி வைத்துவிடுவான். ஆனால் அரையாண்டுத் தேர்வு வரும்போது மெதுவாகப் பக்கத்தில் வந்து, "இந்த குரூப்பில் இருந்து மெக்கானிக்கல் சேரலாமா, மிஸ்?" என்று கேட்பான். பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்து பாலிடெக்னிக் முதலாண்டில் சேர்ந்து, மூன்றாண்டு டிப்ளமோ முடித்து, பிறகு பி.இ. இரண்டாமாண்டில் நேரடியாகச் சேரலாம் என்று நான் விளக்குவேன். "இதைப் பத்தாவது முடித்தபோதே யாராவது சொல்லியிருக்கலாமே" என்பான். உண்மைதான். அன்றே சொல்லியிருந்தால் இரண்டு ஆண்டுகள் மிச்சம். அந்த மேசையில் பாலிடெக்னிக் என்ற பெயரையோ ஐ.டி.ஐ. என்ற பெயரையோ யாரும் எடுப்பதில்லை. எடுத்தால் நம் சேர்க்கை எண்ணிக்கை குறையும், எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் பணியிடம் உபரி ஆகும். காரணம் எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். வெளியே சொல்வதில்லை, அவ்வளவே.

உங்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். முன்பு மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்று பட்டியல் வெளியிட்டுக்கொண்டிருந்தார்கள். 2017-இல் அதை நிறுத்தினார்கள். ஆனால் தேர்ச்சி விகிதத்துக்குக் கணக்குக் கேட்பது நிற்கவில்லை. மீளாய்வுக் கூட்டத்தில் எழுந்து நின்று, இயற்பியலில் ஆறு பேர் ஏன் தேர்ச்சி பெறவில்லை என்று விளக்கம் சொல்லப்போவது நீங்கள்தான். அந்தப் பிள்ளைகளை ஆசையோடு அறிவியல் பிரிவில் சேர்த்தீர்கள் என்று அங்கே யாரும் பாராட்டப்போவதில்லை. வேதியியல் பணியிடம் காலியாகக் கிடக்கும். பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் சம்பளத்தில் ஒரு தற்காலிக ஆசிரியரைத் தேடிப் பிடித்திருப்பீர்கள். அவர் எப்போது போவார் என்பது தெரியாது. இந்த நிலையில் பலவீனமான மாணவரை அந்த குரூப்பில் சேர்க்க உங்களுக்குப் பயமாக இருப்பது இயல்பு. அந்தப் பயத்துக்கு விலை கொடுப்பது மாணவர் என்பதுதான் என் வருத்தம்.

குரூப்களுக்கு நாம் வைத்திருக்கும் மதிப்பைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். பத்தாம் வகுப்பு வரை ஒரு பிள்ளை கணக்குப்பதிவியல் புத்தகத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. இயற்பியலும் வேதியியலும் அறிவியல் என்ற பெயரிலாவது அறிமுகம். வணிகவியல் அதுவும் இல்லை. பார்க்காத பாடத்தை எப்படி எடைபோடுவது? யார் யாரை அங்கே அனுப்புகிறார்கள் என்பதை வைத்துத்தான். மார்க் குறைந்தவர்களை அனுப்பும் இடம் என்று நீங்களே தாளில் எழுதி வைத்துவிட்டால், 'தேர்டு குரூப்பா?' என்று சொந்தக்காரர்கள் உதட்டைப் பிதுக்காமல் என்ன செய்வார்கள்? வேடிக்கை என்னவென்றால், அதே வணிகவியலுக்குக் கல்லூரி வாசலில் அடிதடி. அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் பி.காம். இடங்கள் முதல் சுற்றிலேயே பறந்துவிடுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பட்டயக் கணக்காளர் ஆவதற்கு முதல் படியான அடிப்படைத் தேர்வை ப்ளஸ் டூ முடித்த கையோடு எழுதலாம். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததிலிருந்து, நம் ஊர்க் கடைத்தெருவில் இரும்புக் கடைக்காரர்கூடக் கணக்குத் தாக்கல் செய்ய ஆள் தேடுகிறார். இதையெல்லாம் மேசையில் யாராவது ஒரு வரி சொன்னால், அந்தப் பிள்ளை தோற்றுப்போய் வந்தவனைப் போல என் வகுப்புக்குள் நுழைய மாட்டான்.

தொழிற்கல்விக்கு நேர்ந்தது இன்னும் மோசம். 1978-இல் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோது, கல்லூரிக்குப் போகாதவரும் கைத்தொழிலோடு வெளியே வர வேண்டும் என்றுதான் அந்தப் பிரிவையும் சேர்த்துத் தொடங்கினார்கள். மின்சாரம், இயந்திரம், நெசவு, வேளாண்மை, செவிலியம், அலுவலக மேலாண்மை என்று ஊருக்கேற்ற பாடங்கள். இன்று ஓய்வு பெறும் ஆசிரியரின் பணியிடம் நிரப்பப்படாமலே போக, ஒவ்வொரு பள்ளியாக அது மூடப்படுகிறது. மிச்சமிருக்கும் இடங்களில் அது தண்டனைபோல் வழங்கப்படுகிறது. தறி ஓடும் ஊரில் நெசவுத் தொழில்நுட்பம் படிக்க ஒரு பையன் தானாக ஆசைப்பட்டு வந்தால், அவனை நாம் சந்தேகத்தோடு பார்ப்போம்.

வீட்டுப் பக்கமும் காரணங்கள் உண்டு. எல்லாப் பழியும் உங்கள் மேல் இல்லை. சென்னையில் ஐ.டி. கம்பெனியில் இருக்கும் பெரியப்பா மகன் போனில் என்ன சொன்னானோ அதுதான் பல வீடுகளில் இறுதித் தீர்ப்பு. கூட்டாளிகள் நாலு பேர் எந்த குரூப்போ ஐந்தாவது ஆளும் அதே குரூப். ஆனால் பெண்பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன். நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் பெண்கள் பள்ளியில் தாவரவியல்-விலங்கியல் பிரிவும் வணிகவியலும்தான் இருக்கும். கணிதத்தோடு கணினி அறிவியல் வேண்டுமென்றால் எட்டு ஒன்பது கிலோமீட்டர் தள்ளி இருபாலர் பள்ளிக்குப் போக வேண்டும். டிக்கெட் காசு இன்று பிரச்சினை இல்லை. மாணவர்களுக்கு இலவச பஸ் பாஸ் இருக்கிறது. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமே இல்லை. பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்தால் மிதிவண்டியும் தருகிறார்கள். பிரச்சினை மாலை நேரம். சிறப்பு வகுப்பு ஆறு மணிக்கு முடியும். ஊருக்குள் வரும் பஸ் ஆறே கால் மணிக்குப் போய்விட்டால் அடுத்தது எட்டு மணிக்கு. அம்மா யோசிப்பாள். யோசித்துவிட்டு, "பக்கத்துப் பள்ளியில் எது இருக்கிறதோ அதைப் படி" என்பாள். கணினி படிக்க நினைத்த பெண் தாவரவியல் படிப்பதற்கு, சில ஊர்களில், ஒரு பஸ்ஸின் நேர அட்டவணை மட்டுமே காரணம். தொலைவிலிருந்து வரும் பிள்ளைகளுக்குச் சிறப்பு வகுப்பைக் காலையில் வைத்தால் தீர்ந்துவிடும் சிக்கல் இது. அதற்கு அரசாணை தேவையில்லை, உங்கள் கையெழுத்தே போதும்.

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் ஒன்றுமில்லை. மொத்த மதிப்பெண்ணைத் தூக்கி ஓரமாக வையுங்கள். கணித குரூப் கேட்பவரின் கணித, அறிவியல் மதிப்பெண்ணைப் பாருங்கள். எல்லைக்கோட்டில் நிற்பவரிடம் ஐந்து நிமிடம் பேசுங்கள். பத்தாம் வகுப்புத் தேர்வு ஏப்ரலில் முடிகிறது, முடிவு மே நடுவில் வருகிறது. இடையில் ஒரு மாதம் சும்மா கிடக்கிறது. அதில் இரண்டு நாள் பிள்ளைகளையும் பெற்றோரையும் அழைத்துப் பதினொன்றாம் வகுப்புப் புத்தகங்களை மேசையில் பரப்பி வைத்துப் புரட்டிப் பார்க்க விடுவோம். எந்த குரூப் எடுத்தால் எந்தப் படிப்புக்குப் போக முடியாது என்பதைப் பள்ளிச் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டுவோம். என்னென்ன படிக்கலாம் என்று சொல்லத்தான் ஆயிரம் பேர் இருக்கிறார்களே. நம் பள்ளியில் இல்லாத குரூப் பக்கத்தில் எந்த அரசுப் பள்ளியில் இருக்கிறது என்பதையும், பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. விண்ணப்பத் தேதிகளையும் அதே தாளில் சேர்ப்போம். எண்ணிக்கை குறைந்தால் குறையட்டும்.

இன்னொன்று, இதுதான் எனக்கு முக்கியம். 2017-18-இல் வந்த பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு 2025-26 முதல் இல்லை. பதினொன்றாம் வகுப்பின் நெருக்கடி தளர்ந்திருக்கிறது. வகுப்பு தொடங்கி ஒரு மாதத்துக்குள் ஒரு பிள்ளை, "இது எனக்கு வரவில்லை, மாற்றிக் கொடுங்கள்" என்று வந்து நின்றால், "பதிவேற்றியாயிற்று, இனி முடியாது" என்று அனுப்பிவிடாதீர்கள். இரு பக்கமும் மாற்றம் நடக்கட்டும். என் வகுப்பிலிருந்து நன்றாகப் படிக்கும் பிள்ளையே போனாலும் நான் தடுக்க மாட்டேன்.

சேர்க்கை நாளன்று உங்கள் மேசைக்குப் பக்கத்தில் எனக்கும் ஒரு நாற்காலி போடச் சொல்லுங்கள். இயற்பியல் ஆசிரியரையும் வரலாற்று ஆசிரியரையும் நான் பேசி அழைத்து வருகிறேன். கோடை விடுமுறையாக இருந்தாலும் பரவாயில்லை. தேதியை மட்டும் ஒரு வாரம் முன்னதாகத் தெரிவித்தால் போதும்.

இப்படிக்கு,
வணிகவியல் முதுகலை ஆசிரியை ஒருவர்