நடை முதலில், படம் பிறகு

சோளிங்கர்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்தது. இத்தனை வருஷம் கழித்து வேலூருக்கே குடிவந்துவிட்டாய் என்பதில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, உன்னை விசாரித்தாள்.

செகண்ட் ஹேண்டில் மிரர்லெஸ் கேமரா வாங்கியிருக்கிறாய், டாக்டர் வேறு தினம் நடக்கச் சொல்லிவிட்டார், இரண்டையும் ஒன்றாக முடித்துவிடலாம் என்கிறாய். செய்யலாம். ஆனால் கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தால் இரண்டும் கெடும். இருபது அடிக்கு ஒருமுறை நின்றால் இதயத் துடிப்பு ஏறவே ஏறாது. வாரத்துக்கு 150 நிமிடம் என்று டாக்டர்கள் சொல்வது விறுவிறுப்பான நடையை. பேச முடியும், பாட முடியாது என்கிற அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும், நிமிடத்துக்கு நூறு காலடியாவது விழ வேண்டும். அதனால் இரண்டையும் ஒரே காலையில் வைத்துக்கொள், ஆனால் அடுத்தடுத்து.

நம் ஊர் வெயிலே இதற்கு வழி செய்து கொடுக்கிறது. வேலூரில் மே கடைசியில் 5.45 சுமாருக்குச் சூரியன் உதிக்கும், ஜனவரி கடைசியில் 6.40 ஆகிவிடும். அதற்கு நாற்பது நிமிடம் முன்பே கிளம்பி, கேமராவைப் பையில் போட்டு ஜிப்பை மூடிவிட்டு வேகமாக நட. வெளிச்சம் வரும்போது நடை முடிந்திருக்கும். அதன் பிறகு ஒரு மணி நேரம் உன் கேமராவுக்கு. சித்திரை, வைகாசியில் எட்டு மணிக்கெல்லாம் வெளிச்சம் வெளுத்துவிடும், வெயிலும் உறைக்கும், கிளம்பி வந்துவிடு.

முதல் ஆறு மாதம் வேலூர்க் கோட்டையை விட்டு எங்கும் போகாதே. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப எடுத்தால்தான் வெளிச்சம் பிடிபடும். சூரியன் கிழக்கே மலைகளைத் தாண்டி வர வேண்டியிருப்பதால், அகழித் தண்ணீரில் வெயில் விழ இன்னும் சற்று நேரம் பிடிக்கும். அந்த இடைவேளையில் மதிலின் பிம்பம் தண்ணீரில் அசையாமல் கிடக்கும், காற்று கிளம்புமுன் அதை எடுத்துவிடு. கிழக்கு மதிலில் காலை வெயில் நேராக அடிப்பதால் கல் தட்டையாகத் தெரியும். கல்லின் சொரசொரப்பும் இடுக்குகளும் வேண்டுமென்றால் வெயில் சாய்வாக உரசிப் போகும் பக்கம் போ. மார்கழி, தை மாதங்களில் சூரியன் தென்கிழக்கில் எழுவதால் அது தெற்கு மதில். வைகாசி, ஆனியில் வடகிழக்கில் எழுவதால் வடக்கு மதில். எந்த மதில் எந்தத் திசை என்று போனில் திசைகாட்டியைத் திறந்து ஒருமுறை பார்த்துக்கொள். கோட்டை தொல்லியல் துறையின் கையில் இருக்கிறது. சாதாரணமாகக் கையில் பிடித்துப் படம் எடுக்கலாம், டிரைபாடுக்கு அனுமதி கேட்க வேண்டும். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் சந்நிதிக்குள் எடுக்கவே கூடாது.

செட்டிங்கில் ரொம்ப மண்டையை உடைத்துக்கொள்ளாதே. ஏ மோடு போதும், லென்ஸ் திறப்பை நீ வைத்தால் ஷட்டர் வேகத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும். திறப்பு எஃப் 5.6 அல்லது 8. ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்சத்துக்கான உணர்திறன், ஆட்டோவில் இருக்கட்டும், உச்சவரம்பு 3200. கருங்கல் தூணோ யாளியோ படம் முழுவதையும் நிறைத்தால் கேமரா அதைச் சாம்பலாக வெளுத்துவிடும், படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை மைனஸ் 0.7 வை. இருண்ட தண்ணீரில் வெள்ளைக் கொக்கு நின்றால் மைனஸ் 1 வரை போகலாம், இல்லாவிட்டால் இறகு வரியெல்லாம் கரைந்துபோகும்.

நடப்பவன் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. வேகமாக நடந்து நின்றதும் நெஞ்சுத் துடிப்பு கை வரைக்கும் வரும். உன் 50 எம்எம் லென்ஸுக்கு, சென்சார் அளவைக் கணக்கில் சேர்த்தால், வழக்கமாக ஷட்டர் வேகம் 1/80 நொடி போதும். மூச்சு வாங்கும்போது அது போதாது, 1/250 வை. ஆட்டோ ஐஎஸ்ஓ மெனுவிலேயே குறைந்தபட்ச ஷட்டர் வேகம் என்று ஒன்று இருக்கும், அங்கே போட்டுவிட்டால் மறந்துபோகாது. இரண்டு மூன்று நிமிடம் நின்று மூச்சு தணியட்டும். முழங்கைகளை விலாவோடு ஒட்டி, மூச்சை விட்டு முடிக்கும் இடத்தில் பட்டனை அழுத்து. லென்ஸில் இருக்கும் ஸ்டெபிலைசேஷன் உன் கை நடுக்கத்தைத்தான் சரிசெய்யும், பறக்கும் கொக்கை நிறுத்தாது.

கழுத்துப் பட்டையைத் தூக்கிப் போட்டுவிடு. ஒரு கிலோ கழுத்தில் தொங்கினால் தலை முன்னால் குனிந்து பிடரி வலிக்கும், நடையும் கூனும். குறுக்குப் பட்டையோ, முதுகோடு ஒட்டிய சின்னப் பையோ நல்லது. ஒரு லென்ஸ், ஒரு உபரி பேட்டரி, அரை லிட்டர் தண்ணீர் போதும். ஏசி அறையிலிருந்து நேராக வெளியே எடுத்தால் கண்ணாடியில் ஈரம் பூக்கும், ஐப்பசி மழைக்காலத்தில் இன்னும் அதிகம். மூடிய பையோடு அரை மணி முன்பே ஏசி இல்லாத கூடத்தில் வைத்துவிடு. வீடு திரும்பியதும் வியர்வை பட்ட ரப்பர் பிடியை ஈரத்துணியால் துடைத்து உலர்த்து. லென்ஸ் தூசியை முதலில் புளோயரால் ஊது, அப்புறம்தான் துணி. பாலாற்று மணல் ஒட்டியிருக்கும்போது துடைத்தால் கோடு விழும்.

நீ சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவன். சில மாத்திரைகளும் இன்சுலினும் வெறும் வயிற்று நடையில் சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும். உன்னுடையது எந்த ரகம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள். எதற்கும் பையில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும். கை நடுங்கி, வியர்த்துக் கொட்டினால் அது நடந்த களைப்பு என்று நினைத்துத் தொடராதே, உட்கார்ந்து வாயில் போடு. வீடு வந்ததும் பாதத்தை உள்ளங்கால் வரை பார், சர்க்கரையால் காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் கொப்புளம் வலிக்காமலே வந்திருக்கும்.

ஆறு மாதம் தவறாமல் நடந்த பிறகு இங்கே வா, நரசிம்மர் கோயில் இருக்கும் பெரிய மலை ஏறலாம். 1305 படி. ஒரே மூச்சில் ஏறாமல் மண்டபத்துக்கு மண்டபம் நின்று ஏறலாம், படமும் அங்கேதான் கிடைக்கும். இறங்கும்போதுதான் முழங்காலுக்குச் சோதனை, உனக்கு வலித்தால் ரோப் காரில் இறங்கிவிடு. வெறுங்காலோடு ஏறுவது இங்கே வழக்கம், நீ மட்டும் தடித்த பருத்திக் காலுறை போட்டுக்கொள், கல் சுடத் தொடங்குமுன் மேலே போய்விடலாம். பாலிதீன் பை வேண்டாம், அந்தச் சரசரப்புக்கே குரங்கு வந்துவிடும். கேமரா பையைத் தரையில் வைக்காதே.

எடுத்த படங்களை வாட்ஸாப்பில் டாக்குமெண்டாக அனுப்பு. சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும், ஷட்டர் வேகம் என்ன வைத்தாய் என்ற விவரமும் போய்விடும், அதைப் பார்க்காமல் எது அசைந்தது என்று என்னால் சொல்ல முடியாது.

அன்புடன்,
முருகேசன்