போஸ்டிங் ஆர்டர் வந்ததும் பள்ளிக்குச் சொல்லுங்கள்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். ஏப்ரல் வந்துவிட்டது. ராணுவ அதிகாரிகள் படிக்கும் ஸ்டாஃப் காலேஜ் கோர்ஸ் முடிகிறது, வெலிங்டன் குவார்ட்டர்ஸ் வாசல்களில் சாமான் கட்டும் கறுப்புப் பெட்டிகள் வந்துவிட்டன, அவற்றில் பழைய யூனிட் பெயரை அழித்துவிட்டு வெள்ளை பெயிண்டில் புதுப் பெயர் எழுதுகிறார்கள். மெட்ராஸ் ரெஜிமெண்ட் சென்டரிலிருந்தும் சில குடும்பங்கள் கிளம்புகின்றன. ஜூனில் அடுத்த பேட்ச் வந்துவிடும். ராணுவக் குடும்பங்களுக்கும் குன்னூர்ப் பக்கத்து உள்ளூர்க் குடும்பங்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். இந்தியிலும் ஆங்கிலத்திலும் தனியாக அனுப்பியிருக்கிறோம்.

பாடம் விட்டுப்போவதைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறீர்கள். அது உண்மையான சிக்கல்தான். ஒரு பள்ளியில் பின்னங்களை இரண்டாம் பருவத்துக்குத் தள்ளியிருப்பார்கள், அடுத்த பள்ளியில் அதை முதல் பருவத்திலேயே முடித்திருப்பார்கள், நடுவில் மாறி வந்த குழந்தைக்குப் பின்னமே கண்ணில் படாமல் போய்விடும். மொழி இன்னும் சிரமம். பதான்கோட்டில் மூன்று வருடம் இருந்துவிட்டு வரும் நம்ம தமிழ்ப் பிள்ளை வீட்டில் வாய் ஓயாமல் தமிழ் பேசும், ஆனால் ஐந்தாம் வகுப்பில் 'அ, ஆ' எழுத உட்கார வேண்டியிருக்கும். பக்கத்து பெஞ்ச் பார்க்கிறதே என்று நோட்டைக் கையால் மறைத்துக்கொள்ளும். இந்தப் பிள்ளைகளுக்கு மாலையில் அரைமணி நேரம் தனித் தமிழ் வகுப்பு நடத்துகிறோம். நீங்கள் வீட்டில் ஒன்று செய்யுங்கள்: ஊரிலிருக்கும் தாத்தா பாட்டிக்கு வாரம் ஒரு கடிதம் தமிழில் எழுதச் சொல்லுங்கள். பிழை இருந்தால் இருக்கட்டும், திருத்தாமல் அனுப்புங்கள்.

அடிக்கடி மாற்றலாகிறவர்களின் பிள்ளைகளுக்காகத்தான் 1963-ல் ரெஜிமெண்ட் பள்ளிகள் இருபதை எடுத்து மத்தியப் பள்ளிகள் தொடங்கினார்கள், அவைதான் இன்றைய கேந்திரிய வித்யாலயாக்கள். எங்கே போனாலும் ஒரே பாடத்திட்டம் என்பது பெரிய உதவி. ஆனால் பாடத்திட்டம் ஒன்றாக இருந்தாலும் பக்கத்தில் உட்காரும் பிள்ளை ஒன்றாக இருப்பதில்லையே. என் கவலை அங்கேதான். சில குழந்தைகள் இரண்டு மூன்று ஊர் மாறிய பிறகு நட்பு பிடிப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். ஆண்டு விழா நாடகத்தில் நல்ல வேடம் கொடுத்தபோது ஒரு சிறுமி வேண்டாம் என்றாள். "அப்போ நான் இங்க இருக்க மாட்டேன் மிஸ்." அப்பாவுக்கு அப்போது ஆர்டரே வரவில்லை, விழா முடியும்வரை அவள் இங்கேதான் இருந்தாள், ஒத்திகையைக் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டு. மார்க் நன்றாகத்தான் வாங்குவாள், யாரிடமும் சண்டை கிடையாது, அதனால் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. 'நல்லா அட்ஜஸ்ட் பண்ணிக்கறா' என்று நாம் சொல்லும் பிள்ளைகளைத்தான் கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டும்.

அதனால் போஸ்டிங் உறுதியானதும் முதலில் குழந்தையிடம் சொல்லுங்கள், அப்புறம் எங்களிடம். டிசி வாங்க வரும் அன்றுதான் எங்களுக்கே தெரிகிறது என்றால், அந்தப் பிள்ளை நண்பர்களிடம் சொல்லிக்கொள்ளாமலே போய்விடுகிறது. இரண்டு வாரம் கொடுத்தால் போதும், வகுப்பாசிரியர் மற்றதைப் பார்த்துக்கொள்வார். ஒன்பதாம் வகுப்பில் இருப்பவர்கள் இன்னும் முன்கூட்டியே வாருங்கள். தேர்வு போர்டில் ஒன்பதாம் வகுப்பில் பதிவு செய்த பாடங்களைத்தான் பத்தாம் வகுப்பில் எழுத வேண்டும், போகிற பள்ளியில் அந்தப் பாடம் இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். டிரான்ஸ்ஃபர் ஆர்டர் நகலைப் பத்திரமாக வையுங்கள், பத்தாம் வகுப்பில் சேரும்போது கேட்பார்கள்.

அப்பா குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாத ஃபீல்டு போஸ்டிங்குக்குப் போய், குடும்பம் மட்டும் இங்கே இருக்கும் வீடுகளுக்கும் ஒரு வார்த்தை. நெட்வொர்க் இல்லாமல் நாலு நாள் போன் வராவிட்டால் மறுநாள் வகுப்பில் அது தெரிகிறது, டிபன் அப்படியே திரும்பி வரும், சின்ன விஷயத்துக்குக் கோபம் வரும். வகுப்பாசிரியருக்கு ஒரு வரி மெசேஜ் போடுங்கள், விவரம் வேண்டாம். மூத்த பையனிடம் "அப்பா வர்ற வரைக்கும் நீதான் வீட்டுக்கு ஆம்பளை" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். பத்து வயதில் அது பெரிய சுமை, அழக்கூட யோசிப்பான்.

உள்ளூர்ப் பெற்றோரே, 'அவங்க ஒரு வருஷத்துல போயிடுவாங்க' என்ற பேச்சை உங்கள் வீட்டில் விட்டுவிடுங்கள். பிறந்தநாளுக்குக் கூப்பிடும்போது ஜூனில் வந்த பிள்ளையையும் கூப்பிடுங்கள். குழுவும் அணியும் ஏற்கெனவே முடிவாகிவிட்டது என்று சொல்லிப் புதுப் பிள்ளையை ஓரத்தில் நிறுத்துவது இந்த ஆண்டு இருக்காது, விளையாட்டு ஆசிரியரிடமும் சொல்லிவிட்டேன். ஒவ்வொரு புதுப் பிள்ளைக்கும் முதல் மாதம் கூடவே இருக்க ஒரு வகுப்புத் தோழன் அல்லது தோழி தேவை. உங்கள் பிள்ளைக்கு விருப்பமிருந்தால் டைரியில் எழுதி, பள்ளி மூடுவதற்குள் அனுப்புங்கள்.

சனிக்கிழமை காலைகளில் அலுவலகத்தில் இருப்பேன். டிசி, மார்க் ஷீட் வாங்க வருபவர்கள் பிள்ளையையும் அழைத்து வாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்