இருபது பேருக்கு ஏலக்காய்க் காபி

அன்புள்ள மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை அலுவலகத்தார் இருபது பேரை வீட்டுக்கு அழைத்திருப்பதாகவும், அவர்களுக்கு ஏலக்காய் போட்ட துருக்கிக் காபி கொடுக்க எண்ணியிருப்பதாகவும், அதற்காகப் பெரிய ஜெஸ்வே (காபி காய்ச்சும் கைப்பிடிப் பாத்திரம்) ஒன்று வாங்கப்போவதாகவும் சொன்னாய். அந்தப் பெரிய ஜெஸ்வேயை மட்டும் வாங்காதே. காரணத்தைத் தொலைபேசியில் சொல்லத் தொடங்கினால் பாதியில் வேறு பேச்சுக்குப் போய்விடுவேன் என்பதால் எழுதுகிறேன்.

நாம் இஸ்தான்புல்லின் உஸ்குதார் பகுதியில் குடியிருந்தபோது, நீ பள்ளிக்குப் போகத் தொடங்காத வயதில், நானும் இதே தவற்றைச் செய்தேன். அப்பாவுடன் வேலை பார்த்தவர்கள் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். கல்யாண வீட்டுப் பழக்கத்தில் பெரிய பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, பொடியையும் சர்க்கரையையும் ஏலக்காயையும் கொட்டி, தளதளவென்று காய்ச்சி ஊற்றினேன். ஒரு கோப்பையிலும் நுரை இல்லை. எல்லாரும் மரியாதைக்குக் குடித்தார்கள். மேல்மாடித் தெய்ஸே (நம் ஊரில் பெரியம்மா என்பதுபோல்) மட்டும் கோப்பைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, மறுநாள் தம் ஜெஸ்வேயுடன் நம் சமையலறையில் வந்து நின்றார்.

அவர் காட்டியது இதுதான். நுரையில்லாத காபியை அங்கே விருந்தாளிக்குக் கொடுக்க மாட்டார்கள். அந்த நுரையைக் கலையாமல் பிடித்து வைப்பது ஜெஸ்வேயின் குறுகிய கழுத்து. பெரிய ஜெஸ்வேயைப் போல வாயகன்ற பாத்திரத்தில் அது பரவி உடைந்துவிடும், கொதித்தாலோ அறவே போய்விடும். ஆகவே நான்கு கோப்பை பிடிக்கும் ஜெஸ்வே மூன்று வைத்துக்கொண்டு, ஈட்டுக்கு நான்கு கோப்பையாக ஐந்து ஈடு போடு. குடிக்கும் கோப்பையாலேயே தண்ணீரை அள. ஒரு கோப்பை ஏறத்தாழ 65 மில்லி. அதற்கு 7 கிராம் பொடி என்றால் இருபது பேருக்கு 140 கிராம் ஆகும், ஒரு ஈடு பொங்கி வழிந்தாலும் கவலையில்லாமல் 200 கிராமாக வாங்கிவிடு. எமினோனுவில் எகிப்தியச் சந்தையை ஒட்டிய தஹ்மிஸ் தெருவில், 1871 முதல் இருக்கிற மெஹ்மெத் எஃபெந்தி கடையில் அன்றன்று வறுத்து அரைத்தது கிடைக்கும். வரிசையில் நிற்க வேண்டியிருக்கும், நின்று வாங்கு.

தண்ணீர் குளிர்ந்திருக்க வேண்டும். பொடி, சர்க்கரை, ஏலக்காய் மூன்றையும் அடுப்பில் ஏற்றும் முன்பே கலக்கிவிட்டு, சிறு தீயில் வைத்தபின் கரண்டியைத் தொடாதே. நுரை கழுத்துக்கு ஏறியதும் இறக்கி, அதைக் கரண்டியால் நான்கு கோப்பைக்கும் பங்கிட்டு, மீதியை மறுபடி ஒருமுறை பொங்கும் அளவுக்குச் சூடாக்கி, கோப்பை ஓரமாக மெல்ல ஊற்று. பிறகு சர்க்கரை சேர்த்துக் கலக்கினால் அடிமண்டி எழும்பிவிடும் என்பதால், யாருக்குச் சாதே (சர்க்கரை இல்லாதது), யாருக்கு ஒர்த்தா (நடுத்தர இனிப்பு), யாருக்கு ஷெக்கெர்லி (நல்ல இனிப்பு) என்று முன்கூட்டியே கேட்டு எழுதிக்கொண்டு, ஒரு ஜெஸ்வேக்கு ஒரே இனிப்பாக வைத்துக்கொள். (சாதே என்பது நம் சாதாதான், இரண்டும் பாரசீகத்திலிருந்து வந்தவை.)

ஏலக்காயைப் பற்றி ஒரு வார்த்தை. துருக்கியின் தென்கிழக்கே உர்ஃபாவில் காய்ச்சும் மிர்ரா என்ற கசப்பான காபியில் அது உண்டு, அரபு வீடுகளில் அது இல்லாமல் காபியே இல்லை. இஸ்தான்புல்காரர்கள் பெரும்பாலும் வெறும் காபிதான் குடிப்பார்கள். எனவே இரண்டு ஈட்டையாவது ஏலம் போடாமல் வை. இரண்டு கோப்பைக்கு ஒரு காய் போதும்; தோலை நீக்கி, விதையைக் காபிப் பொடியளவு நைசாக அரைக்காவிட்டால் மேலே மிதந்து பல்லில் படும். கிராம்பு போட விரும்பினால் நான்கு கோப்பைக்கு ஒன்று, அதற்கு மேல் மருந்து வாசனை வந்துவிடும். பட்டைப் பொடி வேண்டாம், அடியில் கொழகொழவென்று தங்கும். பக்கத்தில் ஒரு குவளைத் தண்ணீரும் லொக்கும் என்ற துருக்கி மிட்டாய் ஒரு துண்டும் வைக்க மறக்காதே.

போடியில் வாங்கிய ஏலக்காய் கால் கிலோவை நேற்று பார்சலில் அனுப்பினேன். தெய்ஸே நாம் கிளம்பும்போது கொடுத்த செம்பு ஜெஸ்வேயும் அதற்குள் இருக்கிறது. உட்புறப் பூச்சு தேய்ந்து செம்பு தெரிகிறது. கலாய் (வெள்ளீயம்) பூசாமல் அதில் எதையும் காய்ச்சாதே. பூசுகிறவரை அங்கேயும் கலாய்ஜி என்றுதான் சொல்வார்கள், விசாரித்தால் கிடைப்பார். ஞாயிறுக்குள் முடியாவிட்டால் அதை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்.

அன்புடன்,
அம்மா