கேடயமும் கீதாவும்

டேய் முரளி,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. நம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பகடை ஆட்டத்தில் சேது இன்னும் அதே குள்ளன் பாத்திரத்தைத்தான் ஆடுகிறான், கழுதை விஷயத்தையும் மறக்கவில்லை.

உன் கேடய ரூலை எங்கள் மேஜைக்குச் சுட்டுவிட்டேன்டா. அடி விழும்போது கேடயத்தை உடையவிட்டால் உடம்புக்குச் சேதமில்லை. உன் சனிக்கிழமைக் கும்பல் ஆடும் 1981ஆம் வருஷப் பெட்டிப் பதிப்பில் அது உயிர்ப்பிச்சை. அங்கே முதல் லெவல்காரன் ஒரே குத்தில் காலி. நாங்கள் ஆடுவதோ ஐந்தாம் பதிப்பு, கேடயம் 10 பொற்காசுதான். சேது குதிரை முதுகு நிறையக் கேடயமாக வாங்கி ஏற்றிவிட்டான்! ராட்சதன் அடித்ததெல்லாம் கேடயத்தோடு போச்சு.

அதனால் மாற்றினேன். உடைப்பதா இல்லையா என்பதைச் சேதப் பகடை உருளும் முன்பே சொல்லிவிட வேண்டும். ஒரு சண்டைக்கு ஒரு கேடயம்தான். புதிதாக மாட்ட அந்த முறைக்கு உள்ள ஒரு ஆக்‌ஷன் போகும் என்பது புத்தகத்திலேயே இருக்கிறது, யார் படிக்கிறார்கள்? போன வாரம் தடி ஓங்கியதும் சேது நகத்தைக் கடிக்கிறான், லதா "உடையுதா, இல்லையா?"ன்னு கத்துகிறாள். உடைத்தான். உருட்டினால் மொத்தச் சேதமே பத்து. அவன் முகத்தைப் பார்த்திருக்கணும் நீ.

ஆனால் உன் இன்னொரு ரூல், தாக்கும்போது இருபது பக்கப் பகடையில் ஒன்று விழுந்தால் வாள் கைநழுவும் என்பது, எனக்கு வேண்டாம். சனிக்கிழமை ஆளுக்கு ஒரு வீச்சு, எல்லோருக்கும் இருபதில் ஒரு வாய்ப்பு, சிரித்துவிட்டுப் போகலாம். அதை அப்படியே ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குத் தூக்கிப் போயிருக்கிறாய். அங்கே பதினோராம் லெவல் ஃபைட்டருக்கு ஒரு முறைக்கு மூன்று வீச்சு. கணக்குப் போடு: ஏறக்குறைய ஏழு முறைக்கு ஒரு தரம் வாளைத் தவறவிடுவாள். கத்துக்குட்டியைவிடத் தேர்ந்தவள் அதிகம் தடுமாறுகிறாள்! நெருப்புருண்டை வீசும் உன் மச்சானோ தாக்குதல் பகடையைத் தொடுவதே இல்லை.

கீதா ஆட்டத்துக்கு வராததற்கு ஆபீஸ் வேலைதான் காரணம் என்று எழுதியிருந்தாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை முரளி. அந்த ஃபைட்டர் அவள்தானே? வாரா வாரம் வாள் விழுகிறது, மேஜையே சிரிக்கிறது. நீயும்தான். அவளிடம் ஒரு தரம் கேட்டாயா?

ரூலைத் தூக்கியெறிய மனசில்லை என்றால், ஒவ்வொரு முறையிலும் முதல் வீச்சில் விழும் ஒன்றை மட்டும் கணக்கில் எடு. என் யோசனை என்று சொல்லிக்கொள்ளக்கூட வேண்டாம். இந்த ஆட்டத்தின் திருடன் பாத்திரமே கலிபோர்னியாவில் ஒரு கடையில் கூடி ஆடியவர்களிடமிருந்து வந்ததுதான். ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கைகாக்ஸ் அதைத் தன் போக்கில் மாற்றி 1975இல் கிரேஹாக் என்ற துணைப் புத்தகத்தில் அச்சிட்டுவிட்டார்.

முதலில் அவளுக்குப் போன் போடு. தீபாவளிக்கு ஊருக்கு வருகிறேன், உன் நோட்டை எடுத்து வை. இன்னும் சுட வேண்டியது இருக்கிறது.

அன்புடன்,
ரவி