ஹூட் திறக்கும் கார்களில் மலைக்கு வருவோர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

ஏப்ரல் சீசன் தொடங்கிவிட்டால் நுவரெலியாவில் கிரகரி வாவியைச் சுற்றி ஹூட், அதாவது மடிக்கக்கூடிய கூரை, மடித்த கார்கள் வரிசை கட்டும். கொழும்பிலிருந்து சொந்தக் காரில் வருவோர், இங்கே நாள் வாடகைக்கு எடுப்போர், கலியாண ஊர்வலத்துக்கு அமர்த்துவோர் எனப் பல வகையினர். கார் ஓட்ட எல்லோருக்கும் தெரியும். ஹூட்டை முறையாக இயக்கத் தெரிந்தவர்கள்தான் குறைவு. அதற்கு அவர்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. மாஸ்டா எம்எக்ஸ்-5, டைஹட்சு கோபன் போன்ற கார்கள் ஜப்பானில் பாவித்து இங்கே வரும்போது கையேடும் எச்சரிக்கை ஸ்டிக்கர்களும் ஜப்பான் மொழியிலேயே வருகின்றன. கைமாறிக் கைமாறி வரும்போது அந்தக் கையேடும் காணாமற் போய்விடுகிறது. 2020 மார்ச் முதல் 2025 பெப்ரவரி வரை தனியார் வாகன இறக்குமதி நின்றிருந்ததால் வயதான ஹூட்டுகளும் காய்ந்துபோன ரப்பர்களும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

இந்தக் கார்களை வாடகைக்குக் கொடுப்போர் சாவியை நீட்டுமுன் ஹூட்டை ஒரு முறை திறந்து மூடிக் காட்ட வேண்டும். தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒரு பக்கக் குறிப்பைக் காருக்குள் வைக்க வேண்டும். எங்கள் கோரிக்கை இவ்வளவுதான். அந்தப் பக்கத்தில் என்ன இருக்க வேண்டும் என்று கேட்போருக்காக மீதியை எழுதுகிறோம்.

முதலாவது, ஹூட்டைத் திறப்பதா மூடுவதா என்பதை ஏற்றம் தொடங்குமுன் சமதரையில் முடிவு செய்துவிட வேண்டும். இறம்பொடை வளைவுகளிலோ கினிகத்தேனை ஏற்றத்திலோ மழை பிடித்த பிறகு யோசித்துப் பயனில்லை. அங்கே ஒதுங்க இடமில்லை. பின்னால் பஸ் வந்துவிடும். சரிவில் நிறுத்தி மூட முயன்றால் வேறொரு சிக்கலும் உண்டு. நிலையான கூரை இல்லாத காரின் உடல், மற்றக் கார்களைவிடச் சற்று முறுகும். ஒரு சக்கரம் கானோரக் கட்டின்மேல் ஏறியிருந்தாலே போதும், ஹூட்டின் கொக்கி முன்கண்ணாடிச் சட்டத்திலுள்ள குழியைச் சில மில்லிமீற்றரால் தவறவிடும். அந்த நேரத்தில் பலம் போட்டு இழுப்பதால்தான் கொக்கி வளைகிறது. காரைச் சமதரைக்கு நகர்த்தினால் அதே கொக்கி விரலால் தள்ளினாலே விழும்.

மின்சார ஹூட் உள்ள கார்களில் வரிசை முக்கியம். கியரை பார்க்கிலோ நியூட்ரலிலோ போட்டு ஹேண்ட் பிரேக்கை இழுக்க வேண்டும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கட்டும்; ஹூட்டை இயக்கும் ஹைட்ரோலிக் பம்போ மோட்டாரோ நிறைய மின்சாரம் இழுப்பதால், எஞ்சின் நிற்கும்போது பழைய பெட்டரி பாதி வழியில் கைவிட்டுவிடும். டிக்கிக்குள் பொருளையும் மடிந்த கூரையையும் பிரிக்கும் தட்டையோ திரையையோ உரிய கொக்கியில் மாட்ட வேண்டும். அது மாட்டப்படாவிட்டால் பெரும்பாலான கார்களில் சுவிட்ச் வேலை செய்யாது. "பழுது" என்று கராஜுக்கு வரும் கார்களில் முதலில் பார்க்க வேண்டிய இடமும் அதுதான். தட்டுக்கு மேலே ஒரு குடையோ கமராப் பையோ இருந்தால் இறங்கிவரும் கூரை அதை நசுக்கித் தானும் வளையும். கோபன் காரில் முன்விளிம்பிலுள்ள இரண்டு பிடிகளையும் கையால் விடுவித்த பிறகே சுவிட்சைத் தொட வேண்டும். தலைக்கு மேலேயும் ஒரு பார்வை தேவை: கூரை பாதி வழியில் காரின் உயரத்தைவிட நன்றாக மேலே எழும். பழைய பங்களாக்களின் தாழ்வான போர்ட்டிகோவுக்குள் நின்று ஹூட்டைத் திறக்கக்கூடாது.

சுவிட்சை அழுத்தினால் முடிவு ஒலியோ விளக்கோ வரும்வரை விரலை எடுக்கக்கூடாது. எடுத்தால் கூரை அந்தரத்தில் நிற்கும். அப்படியே விட்டுவிட்டுப் படம் எடுக்கப் போனால் ஹைட்ரோலிக் அழுத்தம் மெல்ல மெல்லக் குறைந்து கூரை தானாக இறங்கலாம். கீழே யாருடைய கையும் இருக்கக்கூடாது. கூரைச் சட்டத்தின் மூட்டுகள் விரலை நறுக்கும் வலு உள்ளவை. பிள்ளைகள் காருக்குள் இருந்தால் சாவியை எடுத்துக்கொண்டே இறங்குங்கள். சில கார்கள் மெதுவாக ஓடும்போதும் கூரையை இயக்க விடுகின்றன. எங்கள் பாதைகளில் அந்த வசதியை மறந்துவிடுவதே நல்லது. பாதி திறந்த ஹூட்டுக்குள் காற்று புகுந்தால் சட்டம் வளைந்துவிடும்.

கையால் மடிக்கும் ஹூட்டில் அவசரம்தான் எதிரி. எம்எக்ஸ்-5 காரில் கண்ணாடிகளை இறக்கி, வெயில் தடுப்புகளை மடித்து, பிடியை விடுவித்து, முன்விளிம்பின் நடுவைப் பிடித்துப் பின்னால் கொண்டுபோக வேண்டும். ஓரத்தை மட்டும் பிடித்து இழுத்தால் சட்டம் கோணும். 1989 முதல் 1997 வரை வந்த முதல் தலைமுறையில் பின்கண்ணாடி பிளாஸ்டிக்கால் ஆனது. அதன் ஜிப்பைத் திறந்து தட்டையாகப் படுக்கவைத்த பிறகே ஹூட்டை இறக்க வேண்டும். இல்லாவிட்டால் மடிப்பு விழும் இடத்தில் முதலில் வெள்ளைக் கோடு, பிறகு வெடிப்பு. மடிப்புக்குள் ஒரு மெல்லிய துவாயை வைத்தால் கீறலும் விழாது. மூடிய பிறகு பிடி விழுந்த சத்தத்தை மட்டும் நம்பாமல், உள்ளிருந்து உள்ளங்கையால் ஹூட்டின் முன்விளிம்பை மேலே தள்ளிப் பார்க்க வேண்டும். அசைந்தால் பூட்டு விழவில்லை.

குளிரையும் ஈரத்தையும் பற்றிக் கொழும்பில் யாரும் நினைக்க வேண்டியதில்லை, இங்கே நினைக்காமல் முடியாது. 5 பாகை செல்சியசுக்குக் கீழே துணி ஹூட்டை மடிக்க வேண்டாம் என்று எச்சரிக்கும் தயாரிப்பாளர்கள் உண்டு. நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் அதற்கும் கீழே போய்ப் புல்லில் உறைபனி படிவது புதிதல்ல. ஹோர்ட்டன் சமவெளிக்கு இருட்டோடு புறப்படுவோர் ஹூட்டை மூடியே போகட்டும். வினைல் ஹூட்டும் பிளாஸ்டிக் கண்ணாடியும் பத்துப் பாகையிலேயே விறைத்திருக்கும். வெயில் பட்டு இளகும்வரை காத்திருக்க வேண்டும்.

ஈரமான ஹூட்டை மடித்து வைப்பது, நனைந்த குடையைச் சுருட்டிப் பெட்டிக்குள் பூட்டுவது போலத்தான். இரண்டே நாளில் பூஞ்சணம் பிடிக்கும், உள்துணியில் கறுப்புப் புள்ளி விழும், தையல் நூல் உக்கும். மழை பெய்யவில்லை என்பதால் ஹூட் காய்ந்திருக்கிறது என்று எண்ணக்கூடாது. இரவுப் பனிமூட்டமே அதை நனைக்கப் போதும். மூடிய நிலையில் துணியால் ஒற்றி, காற்றில் உலர்த்திய பிறகே மடியுங்கள். வழியில் வேறு வழியின்றி நனைந்த ஹூட்டை மடித்துவிட்டால், தங்குமிடம் சேர்ந்ததும் விரித்து மூடி உலரவிடுங்கள்.

ஏப்ரலில் காலை வெளுத்திருக்கும். பிற்பகல் இடியுடன் மழை. ஆகவே காலையில் திறந்து, மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்தும்போது மூடிவிடுவது புத்தி. மே முதல் செப்டெம்பர் வரை வட்டவளை, கினிகத்தேனை, ஹட்டன் பக்கம் திறந்த காருக்கு ஏற்ற இடமல்ல. அதே மாதங்களில் மலையின் மறுபுறம், பண்டாரவளை, எல்ல பக்கம், வானம் தெளிந்திருக்கும். ஹப்புத்தளை இடைவெளியில் மட்டும் கச்சான் எனும் தென்மேற்குக் காற்று வேகமாக அடிக்கும். அங்கே நின்றபடி ஹூட்டைத் தூக்கினால் காற்று அதைக் கையிலிருந்து பறித்துவிடும். காரின் முகப்பைக் காற்றுக்கு எதிராகத் திருப்பி நிறுத்தாமல், கட்டடம் ஒன்றின் மறைவுக்குப் போய் இயக்குங்கள்.

உள்ளே இருப்பவர்களைப் பற்றிச் சொல்வதை யாரும் விரும்பிக் கேட்பதில்லை. இருக்கையின் முதுகில் ஏறி உட்கார்ந்தபடியும் எழுந்து நின்றபடியும் போகும் படங்கள் ஒவ்வொரு சீசனிலும் வருகின்றன. திறந்த காரில் உயிரைக் காப்பவை இரண்டு: பலப்படுத்தப்பட்ட முன்கண்ணாடிச் சட்டமும், இருக்கைக்குப் பின்னால் உள்ள வளையங்களும். சில கார்களில் அந்த வளையங்கள் மறைந்திருந்து, கார் கவிழும்போது கண்ணிமைப்பதற்குள் மேலே எழும். தலை அவற்றின் உயரத்துக்குக் கீழே இருந்தால்தான் பயன், அதற்கு இருக்கைப் பட்டி கட்டியிருக்க வேண்டும். அந்த வளையங்களின் மேல் பையோ கோட்டோ வைக்கக்கூடாது. மொரிஸ் மைனர் போன்ற பழைய திறந்த கார்களில் இவை எதுவும் கிடையாது. ஊர்வலத்துக்கு நடை வேகத்தில் ஓட்டுவதோடு அவற்றை நிறுத்திக்கொள்ளலாம். இரண்டு இருக்கைக் காரில், முன்னாலுள்ள எயார்பேக்கை நிறுத்த முடியாவிட்டால், பின்னோக்கிய குழந்தை இருக்கையை அங்கே பொருத்தவே கூடாது.

மணமகளின் சேலை முந்தானை, துப்பட்டா, கழுத்துச் சால்வை ஆகியவற்றைச் செருகிக் கட்ட வேண்டும். நடனக் கலைஞர் இசடோரா டங்கன் 1927இல் பிரான்சின் நீஸ் நகரில் இறந்தது, திறந்த காரின் பின்சக்கரத்தில் கழுத்துச் சால்வை சிக்கியதால்தான். குளிருக்குப் பக்கக் கண்ணாடிகளை உயர்த்தி, ஹீட்டரைக் காலுக்குத் திருப்பி, இருக்கைக்குப் பின்னால் காற்றுத் தடுப்பு வலையை மாட்டினால் நீண்ட சால்வை தேவையே இல்லை. குளிர்கிறதே என்று வெயிலை அலட்சியம் செய்வோரும் உண்டு. ஒவ்வோர் 1000 மீற்றர் உயரத்துக்கும் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். நுவரெலியா 1868 மீற்றரில் இருக்கிறது. முகம் கருகியது மாலையில்தான் தெரியவரும்.

ஓட்டும்போது திறந்த காருக்கு ஒரு நன்மை உண்டு: வளைவுக்கு அப்பால் வரும் பஸ்ஸின் ஹோர்ன் முன்கூட்டியே காதில் விழும். பாட்டைச் சத்தமாகப் போட்டால் அந்த நன்மை போயிற்று. ஹூட்டை மூடினால் நிலைமை தலைகீழ். பின்பக்கத் துணி அகலமாக மறைப்பதால் பின்னால் இடது மூலை தெரியாது. கொண்டை ஊசி வளைவில் பின்னெடுக்க நேர்ந்தால் ஒருவரை இறக்கிச் சொல்லச் சொல்லுங்கள். மூடிய ஹூட்டுக்குள் ஈரம் தேங்கிக் கண்ணாடி சீக்கிரம் ஆவி பிடிக்கும். ஏசியையும் ஹீட்டரையும் சேர்த்துப் போட்டு, வெளிக்காற்று உள்ளே வரும்படி மாற்ற வேண்டும்.

தேயிலை மலைகளுக்கு ஊடாகப் போவோர் குளவியை மறக்கக்கூடாது. கொழுந்து பறிப்போர் குளவிக் கொட்டுக்கு ஆளாகும் செய்தி உங்கள் பத்திரிகையிலேயே அடிக்கடி வருகிறது. பெரிய மரங்களின் கீழும் பாறை முகப்புகளின் கீழும் ஹூட் திறந்த காரை நிறுத்தாதீர்கள். குளவிக் கூடு கலைந்துவிட்டால், நின்று ஹூட்டை மூடிக்கொண்டிருக்கும் நேரத்தில் எல்லோரும் கொட்டுப்பட்டுவிடுவார்கள்; மற்றவர்கள் முகத்தை மூடிக்கொள்ள, சாரதி பாதையைப் பார்த்தபடி நிதானமாகக் காரை அப்பால் கொண்டுபோவதே வழி. ஹக்கலைப் பூங்காவுக்கு வெளியே குரங்குகளுக்கும் திறந்த கார் பிடிக்கும். பிஸ்கட் பக்கற்றை எடுத்துப் போனால் பரவாயில்லை, ஹூட் துணியைக் கிழித்தால் செலவு வேறு.

பராமரிப்பில் முதலிடம் வடிகால் துளைகளுக்கு. ஹூட்டிலிருந்து இறங்கும் நீர், பல கார்களில் இருக்கைகளின் பின்னால் உள்ள குழாய்கள் வழியே காருக்கு அடியில் வெளியேறுகிறது. பைன் ஊசியிலையும் பாசியும் அதை அடைத்தால் நீர் கம்பளத்துக்கு அடியில் தேங்கி வயர் இணைப்புகளை அரிக்கும். புல்வெட்டும் மெஷினின் தடித்த நைலோன் நூலை மெதுவாக விட்டு எடுங்கள். இரும்புக் கம்பி குழாயைக் குத்திவிடும். பிறகு ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றி, அடியில் வடிகிறதா என்று பாருங்கள். சேர்விஸ் நிலையத்தில் உயரழுத்தத் தண்ணீரை ஹூட்டின் தையலில் பிடிக்க விடாதீர்கள். மென்மையான தூரிகையும் இளஞ்சூட்டுச் சவர்க்கார நீரும் போதும். ரப்பருக்கு சிலிக்கன் பூசலாம். கிரீஸ், எஞ்சின் ஒயில், மண்ணெண்ணெய் மூன்றும் ரப்பரை ஊதவைக்கும்.

ஹூட் பாதியில் நின்றுவிட்டால் சுவிட்சைத் திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள். சூடேறிய பம்ப் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டிருக்கலாம். கால் மணி நேரம் ஆறவிட்டு, டிக்கித் தட்டு, டிக்கி மூடி, பியூஸ், பெட்டரி என்ற வரிசையில் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால், பல கார்களில் பம்புக்கு அருகே அழுத்தத்தை விடுவிக்கும் திருகு ஒன்று உண்டு. அதைத் தளர்த்தி, இரண்டு பேர் இருபுறமும் ஒரே அளவில் தூக்கிக் கையால் மூடலாம். ஒருவர் தனியாகத் தூக்கினால் சட்டம் கோணிவிடும். ஹைட்ரோலிக் எண்ணெய் குறைந்திருப்பதைக் கண்டு பிரேக் ஒயிலை ஊற்றும் வழக்கமும் சில கராஜ்களில் இருக்கிறது. இன்றைய பெரும்பாலான கார்களில் அது சிலிண்டர் சீல்களைத் தின்றுவிடும். தயாரிப்பாளர் குறிப்பிட்ட எண்ணெய் கையில் கிடைக்கும்வரை, ஹூட்டை மூடிய நிலையில் விட்டு ஓட்டுங்கள்.

இப்படிக்கு,
வாகன ஹூட், குஷன் வேலை செய்வோர்,
நுவரெலியா.