கிளை கழிக்கவும் ஒரு முறை உண்டு

ஆசிரியருக்கு,

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்குக் கரன்ட் போனால், அடுத்த அரை மணி நேரத்தில் எங்கள் தெருவில் மின்வாரிய ஆட்களின் அரிவாள் சத்தம் கேட்கும். கம்பியில் உரசும் கிளைகளை மழைக்கு முன் கழிக்கத்தான் வேண்டும். 2018 கஜா புயலில் மரங்களோடு சாய்ந்த மின்கம்பங்களையும், இருட்டில் கிடந்த நாட்களையும் டெல்டாக்காரர்கள் மறக்கவில்லை. ஈரத் தென்னை மட்டை கம்பியில் பட்டால் அதன் வழியே மின்சாரம் இறங்கும் என்பதும் தெரிந்ததுதான்.

கழிக்கும் விதம்தான் சரியில்லை. எங்கள் வாசல் வேம்பில் கம்பிப் பக்கக் கிளைகளை மட்டும் முழ நீளம் மொட்டையாக விட்டு வெட்டிப்போட்டுப் போனார்கள். பட்டை நார் நாராய்த் தொங்கியது. மூன்றே மாதத்தில் அந்த மொட்டைகளில் கொத்துக் கொத்தாகத் துளிர்த்து, மறுபடி கம்பியை எட்டுகிறது. மரமோ முழுப் பாரத்தையும் எங்கள் ஓட்டுக் கூரைப் பக்கம் வைத்துக்கொண்டு நிற்கிறது. கிளை பிரியும் இடத்தில் ரம்பத்தால் அறுத்திருந்தால் காயமும் ஆறும், துளிரும் இத்தனை வராது. கழித்த கிளைகள் நான்கு நாள் சாக்கடையை அடைத்தது தனிக் கதை.

நம் மேலும் தப்பு இருக்கிறது. கம்பிக்கு நேர் கீழே தென்னையும் தூங்குமூஞ்சியும் வைத்தது யார்? அங்கே பவளமல்லியோ மந்தாரையோ போதும்.

ஐப்பசி மழைக்குள் வேம்பின் மறுபக்கப் பாரத்தையும் குறைக்க ஆள் அனுப்பினால் நல்லது. தொரட்டியோடு கம்பியருகே போக எங்களுக்குத் துணிவில்லை.

– ஒரு வாசகர், தஞ்சை மாவட்டம்