படத்தில நல்லாத்தான் கிடக்கு

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

கனடாவில இருக்கிற மருமகன் எங்கட கிளிநொச்சி வீட்டுப் பின்பக்கத்துக்குக் கூரை போட்ட ரெண்டு தட்டு மரத்தளம், அவையள் டெக் எண்டு சொல்லுறது, ஸ்வீட் ஹோம் த்ரீடி எண்ட காசில்லாத சொப்ட்வெயாரில கீறி அனுப்பினவர், சுத்திச் சுத்திப் பாக்கலாம், வடிவாத்தான் கிடக்கு. ஆனா கூரை தட்டை! ஐப்பசி கார்த்திகையில மாரி மழை இஞ்ச எப்பிடி ஊத்தும் எண்டு கொம்பியூட்டருக்குத் தெரியுமோ? தண்ணி சுவருக்கு வெளியால ஓடச் சரிவு வேணும், தூணை மண்ணில தாட்டா கறையான் விடாது, கொங்கிறீட் கட்டைக்கு மேலதான் நிப்பாட்டோணும், மரமும் பாலையோ முதிரையோ எண்டாத்தான் தாங்கும். படியள் ஒரே உயரமா இல்லாட்டி அம்மம்மா விழுந்திடுவா. எங்கட மேசன்மாருக்கு இதைத் தமிழில பழக்கிற பகுதியொண்டைக் கிழமைக்கு ஒருக்கா உங்கட பேப்பரில போட்டா என்ன?

இப்படிக்கு,
கிளிநொச்சி வாசகர்